எங்கள் சிங்க்கிலிருந்து போன மஞ்சள் தண்ணீர்

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் 'சுற்றுச்சூழல் போராளி மறைந்தார்' என்ற செய்தி வந்தபோது நான் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் துறைத்தலைவர் தணிகைவேல் சார் மாரடைப்பில் போய்விட்டார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 'போராளி' என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அவரை அறிந்தவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் எந்தத் தொழிற்சாலை கழிவை வெளியே விட்டாலும் முதல் ஆளாக அதன் வாசலில் போய் நிற்பார். பயம் என்பதே கிடையாது. அதே மனிதர், செய்முறைத் தேர்வு முடிந்ததும் மிச்சமான டைக்ரோமேட் என்ற நச்சுக் கரைசல் முழுவதையும் சிங்க்கில் கொட்டச் சொல்வார். அந்தக் குழாய் கல்லூரிக்குப் பின்னாலுள்ள வாய்க்காலுக்குப் போகிறது. தனி கேனில் சேர்த்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன்.

"கம்பெனிக்காரன் ஊத்தறது விஷம்யா. புள்ளைங்க ஊத்தறது படிப்பு. தண்ணியத் தொறந்து வுடு, போய்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை தேர்வு நடந்த வாரத்தில், வாய்க்கால் ஓரம் நெல் போட்டிருக்கும் வசந்தா அக்கா பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். "மஞ்சளா வருது சார். நாத்து நடச்சொல்ல காலெல்லாம் அரிக்குது. இன்னான்னு பாருங்க." அந்த மஞ்சள் டைக்ரோமேட்டினுடையது என்று வேதியியல் படித்த எவருக்கும் தெரியும். தணிகைவேல் சாரோ அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தொழிற்சாலை வாசலில் போய்க் கத்திவிட்டு வந்தார். சாயங்காலம் அவர் அறைக்குப் போய், "சார், அது நம்ம தண்ணி" என்றேன்.

"தெரியும். காலேஜ் பேரக் கெடுத்துக்கினு திரியாத, போய் வேலையப் பாரு" என்றார். தெரியுமாம்! அதற்கு அடுத்த நாள்தான் இறந்துபோனார்.

இரங்கல் கூட்டத்தில் ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைக்கப் போவதாகக் கல்லூரி முதல்வர் அறிவித்தார். பலத்த கைதட்டல். வசந்தா அக்கா ஓரமாக நின்று அழுதார். "இனிமே அந்தக் கம்பெனிக்காரன யாரு சார் கேப்பாங்க?"

"கம்பெனி இல்லக்கா. எங்க லேபு" என்றேன்.

அவர் நம்பவில்லை. கூட்டிப்போய்ச் சிங்க்கையும் குழாயையும் காட்டினேன். குனிந்து குழாய் போகும் வழியைப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் யாரப் போய் கேக்கணும்?" என்றார்.

"எங்களத்தான்."

இறந்தவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று கடைசியில் சொல்ல வேண்டும் அல்லவா? வாசலில் நின்று பயமில்லாமல் கத்துவதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலை வசந்தா அக்காவும் நானும் எங்கள் கல்லூரி வாசலில் நிற்கிறோம்.