பன்றிக்கா துணி கட்டினார்?

சில வருடங்களுக்கு முன், உன்னிச்சைப் பக்கம் எங்கள் வயல் வட்டையில் நெல் அறுவடைக்கு நின்ற நேரம். விடியற்காலையில் கன்றுக்குட்டியைத் தேடிப் போன என் அண்ணன் மகன், பக்கத்து வயலில் கறண்டுக் கம்பியில் பட்டுச் செத்துப்போனான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. காட்டுப் பன்றிக்கென்று அந்த வயல்காரர் களவாகக் கறண்ட் இழுத்துப் போட்ட கம்பி அது. தண்ணீர் பாய்ச்சுவதில் அவருக்கும் அண்ணனுக்கும் ஏற்கெனவே பெரிய சண்டை. "ஒன்ட குடும்பத்த அழ வைக்கிறன் பார்" என்று அவர் கத்தியது வட்டை முழுக்கக் கேட்டது. அதனால் பொலிஸ் கொலை வழக்கே போட்டது.

அவர் சாகும்வரை சிறையில் கிடக்க வேண்டும் என்றுதான் என் வயிறும் எரிந்தது. ஆனால் பிள்ளை சாவதற்கு முதல் நாள் பொழுதுபடும் நேரம் அவர் அந்தக் கம்பியில் வெள்ளைத் துணி கட்டியதை நான் கண்டிருந்தேன்; நான் நின்றதை அவரும் பார்த்தார். ஆட்கள் விலகிப் போகட்டும் என்று எங்கள் பக்கம் அப்படிக் கட்டுவது வழக்கம். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் ஊரே திரண்டு வந்து மிதித்ததில் துணி எங்கே போனதோ!

வழக்குக்கு முதல் நாள் என் மச்சாள், அண்ணன் மனைவி, என் கையைப் பிடித்தாள். "துணியப் பத்தி வாய் திறக்காதீங்க மச்சாள். அவன் தப்பிருவான்."

"கேட்டா கண்டதத்தான்கா சொல்லுவன்" என்றேன். கையை உதறிவிட்டுப் போனாள். போகட்டும், எனக்குப் பொய் சொல்ல வராது.

சாட்சிக்கூட்டில் ஏறியதும், அரச சட்டத்தரணி கேட்ட சண்டை விஷயத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு எதிரியான அந்த வயல்காரரின் சட்டத்தரணி எழும்பினார். "பன்றியை விரட்டத்தான் போட்டேன், ஆள் சாகும் என்று தெரியாது" என்பதுதான் அவருடைய ஆளின் பேச்சு.

"கம்பியில அவர் துணி கட்டினத நீங்க கண்டதா?"

"ஓம் ஐயா, கண்டன்."

கொல்ல நினைத்தவன் துணி கட்டி எச்சரிப்பானா என்று அவர் வென்றுவிட்ட முகத்தோடு நீதிபதியைப் பார்த்தார். பின்னால் மச்சாள் வாய்விட்டு அழுதாள். ஆனாலும் நான் தலை குனியவில்லை.

அரச சட்டத்தரணி திரும்பவும் எழும்பினார். "அந்தத் துணி எதுக்குக் கட்டுறது அம்மா?"

"ஆள் பட்டா செத்திருவாங்க எண்டுதான் ஐயா. பண்டிக்கா துணி கட்டுவாங்க?"

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எதிரிக்கூட்டில் நின்ற வயல்காரரின் முகம் கறுத்துப்போனது.

தீர்ப்பு வந்தது. கொல்லும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே கொலைக் குற்றம் நிற்காது. ஆனால் ஆள் சாகும் என்று நன்றாகத் தெரிந்தே கம்பி போட்டார், ஆகவே கொலைக்கு ஒரு படி குறைந்த கைமோசக் கொலை. 'தெரியாது' என்று அவர் சொன்ன சாக்குப்போக்கை அவர் கட்டிய துணியே இல்லாமல் செய்துவிட்டது. நான் அதை மறைத்திருந்தால் அந்தச் சாக்கிலேயே அவர் வீட்டுக்குப் போயிருப்பார். சிறைக்குத்தான் போனார்.

வாசலில் மச்சாள் என் தோளில் சாய்ந்து விம்மினாள். "அந்தத் துணி எதுக்கெண்டு என்ட புள்ளைக்கு நாம ஆராவது சொன்னமா மச்சாள்?"

இப்போது எங்கள் வட்டைக்குள் எந்தப் பிள்ளை கால் வைத்தாலும் மறித்து நிறுத்தி, வெள்ளைத் துணி என்றால் என்னவென்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். மச்சாளுக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் அது ஒன்றுதான்.