எல்.கே.ஜி.யில் வாய் திறக்காத ஜோதி

எல்.கே.ஜி. மிஸ்ஸின் வேலையில் பிள்ளைகளை அழாமல் உட்கார வைப்பது பாதி. மீதிப் பாதி, வாசலில் நிற்கும் பெற்றோரை அழாமல் வீட்டுக்கு அனுப்புவது. இதே வேலையில் இருப்பவர்கள் இப்போது தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

நான் திருவொற்றியூரில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. வீட்டில் 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்றுதான் பேச்சு. சேர்ந்த அன்றே ஹெச்.எம். மேடம், "கிளாஸ்ல அந்தப் பேச்சு வரக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து கேட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யில் செய்தி வாசிப்பவர் போலத்தான் பேசுகிறேன். ஒரு வார்த்தை தவறி விழுந்துவிடுமோ என்ற பயத்தில், சொல்ல நினைத்ததைப் பல நாள் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

கொஞ்சலும் அதட்டலும்

ஜோதியை அட்மிஷனுக்குக் கூட்டிவந்தவர் அவள் அம்மா பத்மா. ஆந்திராவில் ஒடிசா எல்லையோரம் சொந்த ஊர். கணவர் ஒடியாக்காரர், எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர். குடியிருப்பது எர்ணாவூரில். ஜோதிக்கு அம்மாவோடு தெலுங்கு, அப்பாவோடு ஒடியா, தெருவில் தமிழ். நாங்கள் இங்கிலீஷைச் சேர்க்கப் போகிறோம்.

மேடம் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார்: வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள். வழக்கமாகப் பெற்றோர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் போய் யாரும் பேசமாட்டார்கள். பத்மா தலையை ஆட்டவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எனக்கு இங்கிலீஷ்ல சிட் டவுன், ஷட் அப் ரெண்டுதான் வரும் மேடம். அத வச்சி அதட்டலாம். எப்டி கொஞ்சறது?"

பாரம் குறைத்தவர்

ஜூனில் சேர்ந்த ஜோதி வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். ரைம்ஸ் சொன்னால் கை மட்டும் ஆட்டுவாள். பெயர் கேட்டால் என் வாயையே பார்ப்பாள். காது கேட்கிறதா என்று சந்தேகப்பட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். உடனே திரும்பினாள். காது நன்றாகத்தான் இருந்தது.

காலாண்டு லீவுக்கு முன்னால் ஓரல் டெஸ்ட் வரும். அதிலும் பேசாவிட்டால் ப்ரீ.கே.ஜி.க்கு இறக்கிவிடலாம் என்றார் மேடம். அதை வாசலில் அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. வெல்டிங் புகையில் சிவந்த கண்ணோடு கேட்டுக்கொண்டார். வீட்டில் எப்போதும் போல அவளோடு பேசுங்கள் சார், ஒன்றும் ஆகாது என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவர் எப்படி நம்புவார்? லேசாகச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்ச நாளா நான் அவகிட்ட பேசறதே இல்ல மிஸ். ஒரு பாஷை கொறஞ்சா அவளுக்கும் பாரம் கொறையும்ல."

குழாயடியில்

சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளை வரிசையாகக் கை கழுவ வைப்பது ஆயா மேரியக்கா. ராயபுரத்துக்காரர். மேடம் இல்லாத இடத்தில் அவர் பேச்சுக்கு அணை கிடையாது. ஒரு நாள் நான் டவல் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். குழாயடியில் கணீரென்று ஒரு புதுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜோதி.

பின்னால் நின்ற தெலுங்குப் பிள்ளையை "ரா, ரா" என்று கூப்பிட்டுத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். மேரியக்காவிடம் அவர் பேச்சிலேயே சோப்பு கேட்டு வாங்கிக் கொடுத்தாள். யாரிடம் எதைப் பேசுவது என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. பிரமித்துப்போய்ச் சுவரோரம் நின்றுவிட்டேன். அப்போது ஒருவன் வரிசைக்குள் இடித்துக்கொண்டு புகுந்தான். ஜோதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்: "இன்னா மாமு தள்ற? லைன்ல நில்லு. மிஸ் பாத்தா அவுங்க அழுதுருவாங்க."

கப்பல் படம்

டெஸ்ட் அன்று மேடமே வந்து உட்கார்ந்தார். மேஜையில் பட அட்டைகள். மேடம் முதலில் எடுத்தது கப்பல். "வாட் இஸ் திஸ்?" ஜோதி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசவில்லை. மேடம் இரண்டாம் தடவை கேட்டார். நான் என் செய்தி வாசிக்கும் தமிழில் கேட்டேன். பலனில்லை. மேடம் பேனா மூடியைத் திறந்தார்.

நான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எங்கள் வீட்டில் பேசுவது போலக் கேட்டேன்: "ஜோதி, இதுல இன்னாடா கீது?" மேடம் நிமிர்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஜோதி, அன்றுதான் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஆளைப் பார்ப்பது போல என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். "ஆயாக்கு கப்பலு. அம்மாக்கு ஓட. அப்பாக்கு ஜாஹாஜ, ஆனா அப்பா இப்ப பேசறதில்ல." மேடத்தின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஷிப்" என்றாள்.

அவள் பாஷைகளைக் குழப்பிக்கொள்ளவே இல்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஆளிடம் கொடுத்து வைத்திருந்தாள். யாருடையது என்று தெரியாத என் தமிழுக்குத்தான் அவளிடம் பதில் இருக்கவில்லை; மேடம் கேட்டபோதும், நான் எந்தப் பாஷைக்காரி என்று தெரியாமல்தான் என்னையே பார்த்திருக்கிறாள். இன்னும் மூன்று அட்டைகளுக்கு விடை சொன்னாள். மேடம் மார்க் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே எழுந்தார்: "எல்.கே.ஜி.லயே இருக்கட்டும். நடுவுல நீங்க என்னமோ கேட்டீங்க, அது என் காதுல விழல."

வாசலில்

சாயங்காலம் அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். டெஸ்ட் நல்லபடி முடிந்தது என்றேன். ஜாஹாஜ பற்றி அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து அவளிடம் ஒடியாவில் மெதுவாக ஏதோ கேட்டார்.

அவ்வளவுதான். மடை திறந்தது போல அவள் ஆரம்பித்துவிட்டாள். கையை நீட்டி நீட்டிப் பேசினாள்; நடுவில் அவர் சட்டைப் பித்தானை இழுத்து ஏதோ கேட்டாள். அவர் முகத்தை ஹெல்மெட்டால் மறைத்துக்கொண்டார். என்ன சொல்கிறாள் சார் என்று கேட்டேன். "இத்தினி நாளா இன்னா கோவம் என் மேலன்னு கேக்கறா மிஸ்."

மொத்தத்தில், எங்கள் எல்.கே.ஜி.யில் வாய் திறக்க அதிக நாள் எடுத்துக்கொண்டது பிள்ளைகளில் யாருமில்லை, அவர்களுக்கு மிஸ்ஸாக மூன்று வருஷமாகச் சம்பளம் வாங்கும் நான்தான்.