எஸ்தர் அக்கா பூட்டிவைத்த கடிதங்கள்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்காரர் வந்து கதவைத் தட்டினார். “ஏனுங்க அம்மணி, காலேஜ்ல இருந்து போனுங்க. லைன்லயே இருக்காங்க.” ஓடிப்போய் எடுத்தேன். “எஸ்தர் மேடம் போயிட்டாங்க. நெஞ்சுவலி. மூணு மணிக்கு சர்ச்” என்றது ஒரு குரல்.

காந்திபுரத்தில் பஸ் மாறும்போது பார்த்தேன். எல்லையில் சண்டை நடந்த கோடையில் கட்டிய பேனர் இன்னும் கிழிந்து தொங்குகிறது. வீரர்களுக்கு வீர வணக்கமாம். அந்த வீரர்களின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று இந்த ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரைப் புதைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். சர்ச்சில் இரங்கல் பேசியவர்கள் “என்றும் சிரித்த முகம்” என்றார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவர் அத்தனை சுலபமாகச் சிரிப்பவர் இல்லை. அவருடைய ஆய்வு அறிக்கையை அச்சிட மறுத்தவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள்.

எஸ்தர் அக்கா பண்ணையக் கூலிகளின் மகள். சமூகப்பணித் துறை விரிவுரையாளராக வந்தவர். அவருடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகள் பற்றிய ஆய்வுக்கு அவருக்கு ஓர் அலுவலகம் நிதி கொடுத்தது. களப்பணியாளராக என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு வயது இருபத்திரண்டு. அம்மா தறியில் வேலை பார்த்தார். எனக்கு எல்லார் மீதும் கோபம் இருந்தது.

கருமத்தம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் முதல் நாள். மத்தியானத்துக்குள் ஒன்பது படிவங்களை நிரப்பிக் கொண்டுபோனேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்: குறை ஒன்றும் இல்லை. அக்கா ஒன்றை உருவினார்.

“இதுக்கு யாரு பதில் சொன்னாங்க?”

“மாமியாருங்க மேடம்.”

“மருமவ?”

“தண்ணி எடுக்கப் போயிருந்தாங்க.”

“அப்ப இது மாமியாரோட ஃபாரம். மருமவளோடத எடுத்துட்டு வா. அப்படியே புள்ளைங்களோடதும்.”

மறுபடி ஒன்பது வீடுகளுக்கும் நடந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

போன வீடுகளிலெல்லாம் ஒரு வழக்கத்தைக் கண்டோம். எல்லையில் இருக்கும் ஆளுக்குக் கெட்ட சேதி எழுதக்கூடாது. மழை இல்லை, மாடு செத்தது, அம்மாவுக்குக் கட்டி, எதுவும் எழுதக்கூடாது. இன்லண்டு லெட்டரின் கடைசியில் பிள்ளைகளுக்கு இரண்டு வரி இடம் விடுவார்கள். பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள்: ‘அப்பா, நான் நன்றாகப் படிக்கிறேன்.’ பொய் எழுதக் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தப் பிள்ளைகள் கூட்டெழுத்தே கற்றுக்கொண்டார்கள்.

அக்கா ஒரு காரியம் செய்தார். சர்ச் ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். “அப்பாவுக்கு எழுத உடாத சங்கதிய எழுதுங்க கண்ணு. இது எங்கியும் போகாது. என்ற பீரோவுல பூட்டி வெச்சிருவேன். இது என்ற வாக்கு.” முப்பது பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள்.

அதில் ஒரு கடிதம் பதிமூன்று வயதுப் பெண்ணுடையது. அவளைக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். ‘அப்பா, நான் பள்ளிக்கூடம் போய் நாலு மாசம் ஆகிறது. சித்தப்பா தறியில் தார் சுற்ற விட்டிருக்கிறார். அம்மா கேட்டதற்கு, வீட்டை விட்டுப் போ என்கிறார். நீ அம்மாவைத் திட்டாதே.’

என் அம்மாவும் அந்த வயதில் தறிக்கு நூலைத் தாரில் சுற்றியவர்தான். இன்றே அவளுடைய அப்பாவுக்கு எழுத வேண்டும் என்று கத்தினேன்.

“அந்தப் புள்ளகிட்டக் கேட்டியா?” என்றார் அக்கா.

“பதிமூணு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?”

“அந்த ஊட்டுல படுத்து எந்திரிக்கிறது அவ. உனக்கு என்ன தெரியும்? ஒரு வாரம் பொறு. அவளத் தனியாப் பார்த்துக் கேட்டுப்போட்டு வாரேன்.”

நான் பொறுக்கவில்லை. முகவரி படிவத்தில் இருந்தது. அன்று மாலையே அந்தச் சிப்பாய்க்கு எழுதித் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து நாங்கள் அந்த ஊரில் இறங்கியபோது, பஸ் ஸ்டாப்பில் கவிதாவும் அவள் அம்மாவும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். சிப்பாய் தன் தம்பிக்குக் கோபமாக எழுதியிருக்கிறார். தம்பி அன்றே சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார். கவிதா நேராக அக்காவிடம் வந்தாள்.

“எங்கியும் போகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அவளிடம், “ஆமா கண்ணு. என்ற தப்புதான்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்களை அவரே பொள்ளாச்சி பக்கம் உள்ள கவிதாவின் அம்மாவுடைய பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசி, அவளை எட்டாம் வகுப்பில் சேர்த்தார். திரும்பி வந்தவரிடம் நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: “இப்பப் பள்ளிக்கூடம் போறா இல்லீங்களா? அது என்னாலதானே?”

“உன்னாலதான். அவங்கம்மா ஊடு இல்லாம ரோட்டுல நின்னதும் உன்னாலதான். ரெண்டையும் சேர்த்து எழுதிக்க.”

அதன்பிறகு அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் எங்களிடம் பேசவில்லை. இதற்கிடையில் நிதி கொடுத்த அலுவலகம் கடிதங்களைக் கேட்டது. ஆதாரம் வேண்டுமாம். அக்கா பிள்ளைகளை மறுபடி சர்ச் ஹாலுக்கு அழைத்து, அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்தார். ஒரு பையன் வாங்கிய இடத்திலேயே வாயில் போட்டு மென்றான். அன்று அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எவனாவது படித்துத் தலைகுனியக்கூடிய ஒரே ஆதாரம் அது என்று சண்டை போட்டேன்.

“அது ஆதாரமில்ல அம்மணி. அது அவங்க கடுதாசி.”

ஆதாரம் தராததால் அறிக்கை அச்சாகவில்லை. அவருக்கு அடுத்த ஆய்வும் கிடைக்கவில்லை. ஒருநாளும் என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போய்ச் சொல் என்று என்னிடமும் சொல்லவில்லை. அதை அவருடைய பெருந்தன்மை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது பெரிய பாரம். சில நாள் அவரைப் பார்க்கவே பிடிக்காது.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு பொள்ளாச்சிக்குப் போனேன். கவிதா இப்போது பிளஸ் டூ. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கா இறந்ததைச் சொன்னேன். அலசுவதை நிறுத்தவில்லை.

“அன்னைக்கு உங்கப்பாவுக்கு எழுதுனது அவங்க இல்ல கவிதா. நான்.”

கை நின்றது. “நீங்களா?”

“நான்தான்.”

“போன வருசம் என்னையப் பார்க்க ஸ்கூலுக்கு வந்தாங்க. வயித்துவலின்னு சொல்லியனுப்பிப்போட்டு கிளாஸ்லயே உக்காந்துட்டேனுங்க. வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க.” கையிலிருந்த துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கேட்டாள்: “ஏனுங்கக்கா அன்னைக்கே சொல்லல?”

“பயம்.”

“யாரப் பார்த்து? என்னையப் பார்த்தா? நான் பதிமூணு வயசுப் புள்ளைங்க!”

புறப்படும்போது, இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதாமல் விட்டால் எஸ்தர் அக்கா வாக்குத் தவறியவராகவே அந்த ஊரில் இருப்பார் என்றும் சொன்னேன்.

“இப்பச் சொல்ல முடியாதுங்க. யோசிக்கோணும்” என்றாள்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நான்காம் நாள் பூத்துக்குப் போன் வந்தது. “என்ற பேரு வேண்டாம். ஊர்ப் பேரும் வேண்டாம். அவிங்க பேர மட்டும் நல்லாப் போடுங்க.”

அந்த மூன்று நாளும் நான் பொறுத்திருந்தேன்; ஒரு வரிகூட எழுதவில்லை. எஸ்தர் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவ்வளவுதான்.