வெள்ளியோடு எடை போட்ட குழந்தை

2006ஆம் ஆண்டு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நடந்தது இது. அப்போது நான் ஒரு நர்சிங் கல்லூரியில் தாய்சேய் நலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பாதீர்கள், ஏன் என்று கேளுங்கள் என்று வகுப்பில் முழங்குவேன். யாராவது நிஜமாகவே ஏன் என்று கேட்டுவிட்டால், போர்ஷன் முடியாது என்று உட்கார வைத்துவிடுவேன். அவ்வளவு நல்ல ஆசிரியர்.

மாதம் ஒருமுறை மாணவிகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளை எடை போடுவோம். கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, அதன் துணித்தூளியில் குழந்தையைப் போட்டு, வரும் எடையை அட்டையில் புள்ளியாகக் குறிக்க வேண்டும். மாதாமாதப் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு ஏறினால் அடுத்த வீடு. ஏறாமல் படுத்துவிட்டால் அன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அன்று கடைசி வீட்டில் நான்கு மாதப் பெண் குழந்தை. போன மாதம் ஐந்து கிலோ. இப்போது ஐந்து கிலோ நானூறு. அட்டையை உயர்த்திப் பிடித்து, ஆரோக்கியமான வளர்ச்சி என்றால் இதுதான் என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். மதியம் ஒரு மணிக்கு மேல் என் முடிவுகள் எல்லாம் மிக உறுதியாக இருக்கும், பசிதான் காரணம்.

அப்போது பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி, "சார், போன மாசம் கொழந்த இடுப்புல கருப்புக் கயிறு மட்டும்தான் இருந்துது" என்றாள்.

பார்த்தேன். காலில் தண்டை, கையில் காப்பு, இடுப்பில் வெள்ளிக்கொடி, போதாததற்குச் சரிகை வைத்த பாவாடை சட்டை. முந்தின வாரம்தான் தாய்மாமன் சீர் செய்திருக்கிறார்.

"அதுக்கென்னம்மா, வெள்ளி என்ன ஒரு மூட்டையா இருக்கு?" என்றேன். மற்ற மாணவிகள் சிரித்தார்கள். எனக்கும் அந்த நகைச்சுவை பிடித்திருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "எவ்ளோன்னு தெரியாதே சார். கயட்டிட்டுப் போட்டா தெரிஞ்சிடும்."

குழந்தையின் அத்தை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "மாமன் போட்டத ஒரு வாரத்துல கயட்டுவாங்களா? புள்ளைய எடை போட வந்தீங்களா, நகைய எடை போட வந்தீங்களா?"

எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது. வழக்கம் என்றால் மதிக்க வேண்டுமல்லவா? அட்டையை மூடிக் கிளம்ப எழுந்தேன்.

அதுவரை வாயே திறக்காமல் நின்றிருந்த குழந்தையின் அம்மா, "எங்கண்ணன் போட்டதுதான அண்ணி, நானே கயட்டுறேன்" என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாவாடை சட்டையையும் கழற்றிவிட்டு மறுபடி தூளியில் போட்டோம்.

ஐந்து கிலோவுக்கு மேல் முள் நகரவே இல்லை. ஒரு மாதமாகக் குழந்தை வளரவில்லை. வளர்ந்தது சீர்வரிசைதான்.

மாணவி அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். தாய்ப்பால் பத்தவில்லையோ என்று பயந்து டப்பா பால் ஆரம்பித்திருக்கிறார். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரை அதிகமாக ஊற்றியிருக்கிறார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் சார் நின்னேன். நீங்க அதுக்குள்ள நல்லா வளருதுன்னு சொல்லிட்டீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு நன்றாக உறைத்தது. அன்றே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் குழந்தையைப் பரிசோதித்தார். பால் கொடுக்கும் முறையை நர்ஸ் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். அடுத்த மாதம் வெற்றுடம்போடு எடை போட்டபோது கோடு ஏறியிருந்தது. அந்தப் புள்ளியை அந்த மாணவியையே வைக்கச் சொன்னேன்.

இப்போதும் எந்த வீட்டுக்குப் போனாலும், என் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன் குழந்தையின் அம்மா பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். என்னைப் போன்ற வாயாடிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது என் மாணவிகளுக்குத்தான் தெரியும்.