சேவியரின் மழை ஜாக்கெட்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். சேவியரின் மனைவி ரெஜினா அழைத்தார். "அண்ணா, அவருக்குக் காலையில நெஞ்சு வலி வந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மீனைத் திரும்ப வாங்காமலே பூன் லேயில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ரயில் ஏறினேன். சேவியருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாக ஒரே நிறுவனத்தில் மின்தூக்கி பழுதுபார்த்தவர்கள் நாங்கள். அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு மவுண்டன் பைக் ஓட்டிய நம் குழுவுக்காக மட்டுமே இதை எழுதுகிறேன். நம்மில் யாருக்கு மழை ஜாக்கெட் வாங்க வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூட்டிப் போவோம். எனக்கு வாங்கப் போன அன்று தன் ஹெல்மெட்டையும் எடுத்து வந்திருந்தான். நான் கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். "நிக்கிறதுக்கா வாங்குற? உக்காருயா," என்று காலணி போட்டுப் பார்க்கும் முக்காலியில் உட்காரவைத்தான். ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிள் ஓட்டுவதுபோல் கைகளை நீட்டிக் குனியச் சொன்னான். முதல் இரண்டு ஜாக்கெட்டில் முதுகு வெளியே தெரிந்தது. மூன்றாவதில் கை ஏறிக்கொண்டது. நான்காவதின் தலைமூடி ஹெல்மெட்டுக்கு மேல் வரவே இல்லை. கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்; எனக்கு மானம் போயிற்று. அவனோ அக்குளில் காற்று போக ஜிப் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். "நம்ம ஊருல மேல விழுற மழைய விட உள்ள ஊறுற வேர்வைதான் ஆள நனைக்கும் லா," என்றான். ஐந்தாவது ஜாக்கெட் அமைந்தது.

அதைக் கெடுத்தவன் நான். மூன்று மாதம் கழித்து காட்டுப் பாதையில் நல்ல மழை. துணி தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. "நீ பொறுக்கி எடுத்த லட்சணத்தப் பாரு!" என்று உங்கள் எல்லார் முன்னாலும் அவன்மேல் எரிந்து விழுந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். அவன் என் ஜாக்கெட்டின் கையை எட்டிப் பிடித்து முகர்ந்தான். பிறகு கோப்பிக் கடையில், நீங்கள் வரிசையில் நின்றபோது, மெதுவாகக் கேட்டான். "சாஃப்ட்னர் ஊத்தித் துவைச்சியா?"

துணியை மணக்கவைக்கும் அந்தச் சாஃப்ட்னர் பட்டால் மழை ஜாக்கெட்டில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும் என்று வாங்கிய அன்றே எச்சரித்திருந்தான். ஊற்றியது நான்தான். "வீட்டுல ஊத்திட்டா போல," என்று கூசாமல் மனைவி தலையில் பழியைப் போட்டேன்.

"அவங்ககிட்ட சொல்லிடாதயா. ஆசையா துவைச்சிருப்பாங்க, பாவம். குடு, நான் சரி பண்றேன்."

அதற்கென்று இருக்கும் சோப்பில் இரண்டு முறை அலசி, தண்ணீர் ஒட்டாத மேற்பூச்சு தெளித்து, அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்தான். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிறுகள் இருந்தன. டிசம்பரில் நாம் பைக் ஓட்டக் கேமரன் மலைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். சொல்லியிருந்தால் வேலையிடம் முழுக்கப் பரப்பி, விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அந்தச் சிரிப்புக்காகவாவது சொல்லியிருக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ரெஜினா வரச் சொன்னார். அவன் ஜாக்கெட்டை அழகாக மடித்து வைத்திருந்தார். "கேமரன் மலைக்கு இதப் போட்டுட்டுப் போங்கண்ணா. இத என்னைத் தொடவே விடமாட்டாரு, அவரேதான் அலசுவாரு. இப்பதான் முதல் தடவையா என் கையால துவைச்சேன். சாஃப்ட்னர் ரெண்டு மூடி ஊத்தினேன். வாசமா இருக்குல்ல?"

முகர்ந்து பார்த்தேன். "ரொம்ப வாசமா இருக்கும்மா," என்றேன். ரெஜினா அழுகைக்கு நடுவே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பழைய பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் கேட்க வழியில்லை. 'அவங்ககிட்ட சொல்லிடாதயா' என்ற அவன் சொல்லைத்தான் ரெஜினா விஷயத்தில் நான் காப்பாற்றப் போகிறேன். அந்தச் சோப்பு என்னிடமும் இருக்கிறது, இரண்டு முறை அலசினால் ஜாக்கெட் சரியாகிவிடும். ரெஜினா கையால் துவைத்ததை அலசப் போவதில்லை. டிசம்பரில் மலையில் நான் தொப்பலாக நனைந்து நிற்பேன். படம் எடுத்து ரெஜினாவுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். ஏன் நனைந்தேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.