அமிலமா முதலில், தண்ணீரா?

மாநில எல்லையோரம், பாகலூர்ப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் வினிதா அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆய்வக அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. ஆனால் அமில பாட்டில்கள் இருந்த கீழ்த்தட்டை அவள் தொட்டதே இல்லை. கல்லூரியில் பக்கத்தில் நின்ற தோழியின் முகத்தில் அமிலம் தெறித்ததைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து சோதனை என்றாலே கரும்பலகையில் படம், நோட்டில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

அன்று ஒன்பதாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். 'அமிலத்தை நீர்க்கச் செய்தல்' கேள்விக்குப் பதினான்கு பேர் தலைகீழாக எழுதியிருந்தார்கள்: அமிலத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டும். கவிப்ரியாவும் அப்படித்தான். நன்றாகப் படிக்கிற பெண். கூப்பிட்டுக் கேட்டாள்.

"அப்படித்தானே மிஸ்? எங்கம்மாகிட்டயும் சொன்னேன். அது கம்பெனில மாத்திப் பண்ணுது. புக்குல இருக்குன்னதும், சரி, இன்னைக்கு அப்படியே பண்றேன்னுச்சு."

வினிதா திருத்திக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். கவிப்ரியாவின் அம்மா சரசம்மா முலாம் பூசும் கம்பெனியில் அமிலம் கலக்கும் வேலை செய்பவள்.

"எத்தன மணிக்கு ஊத்துவாங்க?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் மிஸ்."

மணி பன்னிரண்டரை. சரசம்மாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை, கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். தலைமையாசிரியரிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். லாரிகளுக்கு நடுவே போகும்போது தோழியின் அலறல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த பாடம், நான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று வாய் முணுமுணுத்தது.

கேட்டில் செக்யூரிட்டி கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவளுக்குப் பாதி புரியவில்லை. "சரசம்மா, அர்ஜென்ட்" என்று கத்தினாள். உள்ளே ஆள் போய்த் திரும்பிவர எட்டு நிமிடம் ஆனது. அதற்குள் அவள் கைக்குட்டை முழுக்க ஈரமாகிவிட்டது.

கையுறையோடு ஓடிவந்த சரசம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "மிஸ், பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஊத்திட்டீங்களா?"

"எத?"

"அமிலத்துல தண்ணி."

"இன்னும் இல்ல. ட்ரம்மு இப்பத்தான் வருது."

வினிதா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஊத்தாதீங்க. எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க. அவ தப்பாச் சொல்லிட்டா. என்னாலதான்."

சரசம்மா கையுறையைக் கழற்றினாள். பிறகு கேட்டாள்: "பசங்களுக்கு செஞ்சு காட்டலீங்களா மிஸ்?"

"பயம்."

"எனக்கும் தெனமும் பயந்தான். அதுக்குன்னு கண்ண மூடிக்கிட்டு ஊத்த முடியுங்களா?"

மறுநாள் வினிதா கீழ்த்தட்டைத் திறந்தாள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பீக்கரில் பாதி தண்ணீர். கண்ணாடிக் குச்சி வழியே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அமில பாட்டிலை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து பீக்கரின் வெளிப்பக்கத்தைத் தொடச் சொன்னாள்.

"சுடுது மிஸ்!"

"பிசி, பிசி!" என்று அதையே கன்னடத்தில் கத்தினான் சந்தோஷ்.

"இத்தன தண்ணி இருந்துமே இவ்வளவு சூடு. அமிலத்து மேல கொஞ்சூண்டு தண்ணி விழுந்தா?"

கவிப்ரியா மெதுவாகச் சொன்னாள்: "அந்தத் தண்ணி அங்கயே கொதிச்சிடும் மிஸ். அமிலத்தோட மேல தெறிக்கும்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அம்மாவை நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி கொடுத்தாள், காரணத்தோடு எழுதச் சொல்லி. இரண்டு பேர் இன்னும் தவறு. அவர்களை மட்டும் ஆய்வகத்துக்கு வரச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தாள். கை அப்போதும் நடுங்கத்தான் செய்தது.