சுரைக்காய்க் குழம்பும் எங்கள் சபதமும்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் திருப்பூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. வாய் மட்டும் அறுபது வயதுக்காரிக்கு இருக்க வேண்டிய வாய் என்று என் அம்மாவே சொல்வார்.

அந்த வருஷங்களில் அரிசி கிடைப்பதே பெரும்பாடு. மழையும் ஏமாற்றியிருந்தது. பொங்கலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கைத்தறி நெசவாளர் தெரு ஒன்று உண்டு. முப்பது வீடுகள் இருக்கும். நூல் வராமல் அங்கே தறிகள் மாதக்கணக்கில் நின்றுவிட்டன. ஆண்கள் பலர், மூட்டை தூக்கும் வேலையாவது கிடைக்காதா என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளைச் சுற்றிவந்தார்கள். பெண்களும் வயதானவர்களும் குழந்தைகளும் ஒரு வேளைக் கஞ்சியோடு ஊரில் கிடந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் குடியிருந்தார். அவர் மனைவிக்கு அந்த ஊர்தான். மாஸ்டர் அங்கே தெரிந்த தோட்டத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, சும்மா கிடந்த அரை ஏக்கரையும் வாரத்தில் மூன்று நாள் கிணற்றுத் தண்ணீரையும் கேட்டு வாங்கிவிட்டார். கம்பெனி லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர், அவர் மனைவி, நான் மூவரும் முதல் பஸ்ஸில் போய் இறங்குவோம். களை எடுப்போம், பாத்தி கட்டுவோம். மற்ற நாட்களில் ஊர் முக்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் தண்ணீர் பாய்ச்சி, காய் பறித்து, வீடு வீடாகக் கொடுத்துவிடுவார். ஞாயிறன்று மட்டும் தோட்டத்திலேயே அடுப்பு மூட்டி, கம்பஞ்சோறும் காய்க் குழம்பும் ஆக்கி, தெரு முழுவதையும் உட்கார வைத்துப் பந்தி போடுவோம். சமையல் என் பொறுப்பு.

சைக்கிள் கடைக்காரரையும் சேர்த்து எங்கள் நால்வருக்குள் ஒரு சபதம் இருந்தது. தோட்டத்தில் விளைந்ததில் ஒரு கத்தரிக்காயைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சமைத்ததில் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. யோசனை என்னுடையதுதான். ஊரில் யாரும் எங்களை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? பந்தி முடிந்ததும் நாங்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றைத் தனியாக உட்கார்ந்து பிரிப்போம். "எங்களோட உக்காருங்க டீச்சர்" என்று அவர்கள் கூப்பிடுவார்கள். "அது உங்களுக்குன்னு வெளைஞ்சதுங்க" என்பேன். இந்தப் பதிலில் எனக்கே ஒரு மயக்கம்.

அந்தக் கோடையில் நாங்கள் விதைத்த செடிகள் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தன. குப்பைமேட்டு ஓரம் தானாக முளைத்த ஒரு சுரைக்கொடி மட்டும் தளதளவென்று வேலி முழுக்கப் படர்ந்து காய்த்துத் தள்ளியது. "இது சாமி வெச்ச கொடிங்க" என்று சைக்கிள் கடைக்காரர் அதை யாரையும் தொடவிட மாட்டார். ஒரு ஞாயிறன்று ஏழு காய்களை ஒன்றாகப் பறித்து என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம்.

சுரைக்காயை நறுக்குமுன் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டை வெட்டி வாயில் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கசந்தால் காயை அப்படியே தூக்கி எறிந்துவிடுவார்கள். சில கொடி அப்படிக் கசக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அம்மா செய்வதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அன்றும் என் கை தன்னால் துண்டை வெட்டியது. வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

"டீச்சர், சபதம்!" என்று மாஸ்டரின் மனைவி சிரித்தார்.

அட, ஆமாம் என்று நானும் சிரித்துக்கொண்டே அந்தத் துண்டைத் தோல் கிடந்த கூடையில் போட்டேன். ஏழு காய்களும் பருப்போடு சேர்ந்து வெந்தன. புளியும் மிளகாயும் தாராளமாகவே போட்டேன்.

பந்தி உட்கார்ந்தது. வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இருக்கும், அன்று ஒரே அமைதி. வெயிலின் களைப்பு என்று நினைத்தேன். "கொழம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். "நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்று வரிசையாகப் பதில் வந்தது. சில தாய்மார்கள், குழந்தைகளின் இலையில் குழம்பு பட்ட சோற்றை வழித்துத் தங்கள் இலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். பசி வந்தால் பெற்ற பிள்ளையின் இலைக்குக்கூடக் கை போகிறதே என்று மனசுக்குள் வருத்தப்பட்டேன்.

ஒரே ஒருத்திதான் வாயைத் திறந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. இருபது வயதுகூட இருக்காது. புருஷன் திருப்பூரில் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு வாயெல்லாம் கசக்கறாப்பல இருக்குதுங்க" என்றாள், ரொம்பத் தயங்கி.

"மாசமா இருந்தா எல்லாமே அப்படித்தான் இருக்கும் அம்மிணி. வயித்துல இருக்கற புள்ளைக்காகச் சாப்பிடு" என்றேன். கல்யாணமே ஆகாத எனக்கு இந்த வைத்திய ஞானம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சொன்னதோடு நிற்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

மிச்சக் குழம்பை ஒரு தூக்குப்போசியில் ஊற்றி மூடிவிட்டு, எங்கள் கட்டுச்சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, நான் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தெருவிலிருந்து ஒரு பெரியவர் தடுமாறி வந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க, எல்லாரும் வாந்தி எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கையில் சாம்பலோடு ஓடினேன். தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் குனிந்திருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குழந்தைகள் மட்டும் நல்லபடியாக நின்று அம்மாக்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தன. அந்தக் கர்ப்பிணிப் பெண் தறிக்குழிக்குப் பக்கத்தில் கிடந்தாள். அவள் எடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. இது நான் போட்ட சோறு என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

மாஸ்டர் ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு பஞ்சு லாரியின் குறுக்கே நின்றுவிட்டார். டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்களை ஏற்றிக்கொண்டார். ரொம்ப முடியாத பதினோரு பேர். அவளை என் மடியில் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அவள் கண் செருகிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார்.

"யார் சமைச்சது?"

"நானுங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க."

"கூட இருந்தவங்க?"

"அவங்களும் சாப்பிடலீங்க."

"சமைச்சவங்க ஒருத்தர்கூடச் சாப்பிடல. சாப்பிட்டவங்க எல்லாம் இங்க படுத்திருக்காங்க. ஏம்மா, அந்தச் சாப்பாட்டை நீங்க ஏன் தொடல?"

எதை இத்தனை நாள் எங்கள் உயர்ந்த குணம் என்று நினைத்துப் பூரித்தேனோ, அது அந்த நிமிஷம் கொலைக்குச் சாட்சி போல எனக்கு எதிரே நின்றது. சைக்கிள் கடைக்காரர் சமயோசிதமாகத் தூக்குப்போசியைக் கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பெண்ணெயைக் குடித்த மாதிரி இருந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது, காதுவரை கசந்தது. இதை ஒருவர் ஒரு வாய் விழுங்குவதே கஷ்டம். இலை நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

டாக்டரும் முகர்ந்து, துளி தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கசப்புச் சுரை. விஷம். வாயில வெச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. இது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுங்க" என்றேன். என் ஆயுசில் இவ்வளவு கேவலமான பதிலை நான் சொன்னதில்லை.

மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்கள். அவள் தெளியவில்லை. டாக்டர் மரக்குழல் ஒன்றை அவள் வயிற்றில் வைத்து, காதைக் கொடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. "துடிப்பு இருக்கு. ஆனா இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார். தகவல் தெரிந்து அவள் புருஷன் ஓடிவந்தான். என்னை அடிப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன், அடிக்கட்டும் என்றும் இருந்தது. அவன் கையைக் கூப்பி, "நீங்க போயி ஏதாச்சும் சாப்பிடுங்க டீச்சர், மொகமே வாடிப்போச்சு" என்றான். அடித்திருக்கலாம்.

மறுநாள் அவளுக்கு நாடி தேறியது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். நான் அவள் கட்டிலருகே போய், மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உங்களுக்கு ரொம்பச் சங்கடம் வெச்சுட்டேனுங்க டீச்சர். ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பேசற மாதிரி ஆயிடுச்சுங்க."

நான் அழுதுவிட்டேன். "அவ்வளவு கசப்பை எப்படி அம்மிணி சாப்பிட்டே? மத்தவங்களுக்கும் கசந்திருக்குமே?"

"கசந்துதுங்க. வாயில வெச்சதுமே எல்லாருக்கும் தெரிஞ்சுதுங்க. ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டோமுங்க. கொழந்தைங்க மட்டும் திங்க வேண்டாம்னு எடுத்துப் போட்டுக்கிட்டோமுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "முன்னால ஒருக்கா ஒரு பெரியவரு உப்புக் கொறைவுன்னு சொன்னாருங்க. 'சும்மா போடற சோத்துல உப்பு வேற பாக்கோணுமா'ன்னு கேட்டீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க யாருமே வரலீங்க. பந்தியே இல்லீங்க. நாங்க கொறை சொன்னதுலதான் கோவிச்சுக்கிட்டீங்கன்னு பேசிக்கிட்டோம். அப்பறம் யாரும் எதுவும் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிக்கிட்டோமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு வார்த்தை சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அது என் வாயில் வரக்கூடிய வார்த்தைதான் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு நாங்கள் வராதது மாஸ்டர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக. நால்வரும் போயிருந்தோம். வரமாட்டோம் என்று ஒரு ஆளிடம் சொல்லியனுப்பக்கூடத் தோன்றவில்லை. நாங்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட அன்றைக்கு ஒரு தெருவே பட்டினியோடு உட்கார்ந்து, தங்கள் மேல் என்ன தப்பு என்று யோசித்திருக்கிறது. சுரைக்காயில் இருந்த விஷத்தைவிட அதுதான் என்னை அதிகமாக உலுக்கியது.

கொடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினோம். சபதத்தையும் கைவிட்டோம். அடுத்த பந்தி போட எனக்குத் தைரியமே இல்லை, மாஸ்டர்தான் இழுத்துக்கொண்டு போனார். வருவார்களா என்று பயந்தேன். வந்தார்கள். அன்றிலிருந்து முதல் இலை எங்களுக்கு. நாங்கள் சாப்பிட ஆரம்பித்து நேரம் கொஞ்சம் போன பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவோம். "குறை இருந்தா சொல்லுங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்று வாராவாரம் சொல்வேன். "நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்பார்கள். உப்பே போடாமல் ஒரு நாள் சமைத்துப் பார்த்தேன். அன்றும் நல்லா இருந்ததுங்க என்றுதான் சொன்னார்கள். நான் ஒருதரம் அடைத்த வாய்கள், எளிதில் திறக்கவில்லை.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, நல்ல ஆரோக்கியம். அவன் அம்மா மடியில் உட்காரும் அளவுக்கு வளர்ந்திருந்தபோது ஒரு ஞாயிறு. பந்தியில் பாதிச் சோற்றில் அவள் கையை நிறுத்தினாள்.

"டீச்சர், இன்னைக்குப் புளி சாஸ்திங்க. வாயிலயே வெக்க முடியல."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. புளி தூக்கலாகவே சாப்பிட்டுப் பழகிய எனக்கு முதல் இலையில் அது தெரியவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்புறம் எழுந்து, வெந்நீரும் பருப்பும் சேர்த்துக் குழம்பை மறுபடி கொதிக்க வைத்தேன். எதிர்வரிசையில் இருந்த, முன்பு உப்புக் குறைவு என்று சொன்ன அதே பெரியவர், "அப்படியே உப்பும் ஒரு கல்லுப் போடுங்க" என்றார்.

இத்தனை வருஷமாகியும், என் கையால் சாப்பிட்டவர்கள் ரொம்ப நல்லா இருந்தது என்று சொன்னால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வருகிறது. அவர்கள் அதை ருசியில் சொல்கிறார்களா, இல்லை எனக்குப் பயந்து சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் நான் அடுத்த கரண்டி ஊற்றுவதில்லை.